கல்லூரியில் 58 டச்டவுன் போட்டவர் என்எஃப்எல்லில் ஏன் காணாமல் போகிறார்?

ஓரக்கோடு:

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசை எண்ணோடு எடுக்கும் டிராஃப்ட் வந்தாலே, கல்லூரி நட்சத்திரம் அங்கே தேறுவாரா என்ற இந்தச் சண்டை மற்ற இழைகளில் புகுந்துவிடுகிறது. அதனால் தனி இழையாகவே தொடங்கிவிடுகிறேன்.

கோல்ட் பிரென்னன் 2006-ல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்காக ஒரே சீசனில் 58 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளி பெற்றுத்தரும் வீச்சு) போட்டார். அன்றைக்கு அது சாதனை. 2008-ல் ஆறாவது சுற்றில்தான் எடுத்தார்கள். என்எஃப்எல் சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. டேவிட் கிளிங்லர் 1990-ல் ஹூஸ்டனுக்காக ஒரே ஆட்டத்தில் 11 டச்டவுன் பாஸ். என்எஃப்எல் அணியான பெங்கால்ஸ் அவரை 6-ஆவது ஆளாக எடுத்தது, கடைசிவரை தேறவில்லை.

மறுபக்கம், என்எஃப்எல்லில் ஜொலித்தவர்கள்: டாம் பிரேடி 199-ஆவது ஆள். பிராக் பர்டி 262, அதாவது அந்த வருட டிராஃப்டின் கடைசிப் பெயர்.

எந்தத் திறமை பையனோடு சேர்ந்து வருகிறது, எது கல்லூரி மைதானத்திலேயே தங்கிவிடுகிறது? “பையனுக்கு வெறி இருக்கணும்” மாதிரி பதில் வேண்டாம் ப்ளீஸ்.

கொலம்பஸ்காரன்:

பந்தை வாங்கிப் பாஸ் போடற குவார்ட்டர்பேக்கிலிருந்தே ஆரம்பிப்போம். டெக்சாஸ் டெக்ல மைக் லீச் கோச்சா இருந்த காலத்தைப் பாருங்க. கிங்ஸ்பரி, சைமன்ஸ், கம்பி, ஹாட்ஜஸ், ஹாரல்னு வரிசையா ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் பாஸ் போட்டு அணியை முன்னே நகர்த்தி மலை மாதிரி யார்டு குவிச்சாங்க. சைமன்ஸ் 2003-ல மட்டும் 5,833 யார்டு! டிராஃப்ட்ல ஏழாவது சுற்று. கிரஹாம் ஹாரலை டிராஃப்ட்ல யாரும் எடுக்கவே இல்ல.

ஆள் மாறியும் எண் மாறலைன்னா அது ஆளோட எண் இல்ல, முறையோட எண். ஹால் மம்மியும் லீச்சும் சேர்ந்து கட்டின அந்த ஏர் ரெய்டு முறையில ஆட்டத் திட்டம் ரொம்பக் கொஞ்சம். அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி பண்ணி, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆடற அளவுக்குக் கொண்டுவந்துடுவாங்க. பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களை மைதானத்தோட அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, பந்தை சீக்கிரம் கையை விட்டு அனுப்பணும். ஆட்டத்துக்கு முன்னாடி கூடி நின்னு பேசற ஹடில் கிடையாது. நீளமான வாக்கியத்துல ஆட்டத்தைச் சொல்லிப் பத்துப் பேரை வரிசைப்படுத்தி, யார் யாரைத் தடுக்கணும்னு ஸ்நாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வர்ற நொடி) முன்னாடி மாத்தறதுங்கற வேலை குவார்ட்டர்பேக்கிட்ட வந்ததே இல்ல.

என்எஃப்எல்ல பாதி வேலையே அதுதான்.

ஞாயிறு மட்டும்:

//அது ஆளோட எண் இல்ல, முறையோட எண்//

சூப்பர் தல. மஹோம்ஸ் எந்தக் காலேஜ்? 😄

கொலம்பஸ்காரன்:

வருவீங்கன்னு தெரியும்.

மஹோம்ஸும் டெக்சாஸ் டெக்தான், கோச்சும் அதே கிங்ஸ்பரிதான். ஆனா 2017-ல சீஃப்ஸ் அணி அவரை 10-ஆவதா எடுத்தது அந்த முறைக்காக இல்ல. முறை உடைஞ்சதுக்கு அப்புறம் அவர் பண்ணினதுக்காக. அவரைக் காக்கிற முன் வரிசையான லைன் நொறுங்கி, ரெண்டு பேர் துரத்த, குறுக்கே ஓடிக்கிட்டே, காலைச் சரியா ஊன்றாம 40 யார்டு தள்ளிப் பந்தைப் போடறது எந்த பிளேபுக்லயும் கிடையாது. அது முழுக்க அவரோட சொத்து, அதனால கூடவே வந்துடுச்சு.

வராத பாதியைக் கத்துக்க ஒரு வருஷம் கொடுத்தாங்க. 2017 முழுக்க குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்கு மாற்று ஆளா உட்கார்ந்தார், டென்வருக்கு எதிரான கடைசி ஆட்டத்துல மட்டும் இறங்கினார். அடுத்த வருஷம் 5,097 யார்டு, 50 டச்டவுன், எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த வீரர். அதே டிராஃப்ட்ல அவருக்கு முன்னாடி 2-ஆவதா பேர்ஸ் அணி எடுத்தது டிருபிஸ்கியைங்கறதை பேர்ஸ் ரசிகர்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டேன்.

பேர்ஸ் பாவம்:

ஞாபகப்படுத்திட்டீங்களே அண்ணே.

மதில்மேல் பந்து:

கொலம்பஸ் அண்ணா சொல்வதில் பாதிக்குத்தான் உடன்பாடு. “கல்லூரி முறை வேறு, தொழில்முறை வேறு” என்ற பேச்சு 2005-ல் சரி. இப்போது என்எஃப்எல்லே கல்லூரியிடமிருந்து திருடி ஆடுகிறது. 2018-லும் 2019-லும் முதல் தேர்வாகப் போன பேக்கர் மேஃபீல்டு, கைலர் மர்ரி இருவரும் ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலியிடம் ஆடியவர்கள். ரைலி யார்? லீச்சிடம் பாடம் படித்தவர். கிங்ஸ்பரியே 2019-ல் என்எஃப்எல்லில் கார்டினல்ஸ் கோச் ஆகிவிட்டார்.

ஆக, பாலம் இரு பக்கமிருந்தும் கட்டப்பட்டது.

தூரத்து ஹாஷ்:

ரெண்டு தம்பிகளும் பிளேபுக்கையே பிடிச்சுத் தொங்கறீங்க. மைதானத்தையே பார்க்கலையா? நான் படிச்ச காலேஜ்ல மாணவர் ஊழியரா ரெண்டு சீசன் வீடியோ எடுத்தேன். உயரத்துல நின்னு பார்த்தா முதல்ல கண்ணுல படறது அளவுதான்.

அகலம் ரெண்டு இடத்துலயும் 160 அடி. ஆனா பந்தை எவ்வளவு ஓரம் வரைக்கும் வைக்கலாம்னு காட்டற ஹாஷ் மார்க் ரெண்டுக்கும் நடுவே கல்லூரியில 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 அங்குலம், அதாவது கோல் கம்பங்களோட அகலம். இதுல என்ன இருக்குன்னு தோணும். பந்து இடது ஹாஷ்ல இருந்தா கல்லூரியில வலது பக்கம் 100 அடி திறந்து கிடக்கும், இடது பக்கம் 60 அடிதான். என்எஃப்எல்ல அதே நிலைமையில வலது பக்கம் 90 அடிக்குக் கொஞ்சம் கம்மி, இடது பக்கம் 70 அடிக்கு மேல. மைதானம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம் ஆயிடுது.

கல்லூரி கோச்சுகள் அந்த 100 அடிப் பக்கத்தை வச்சே பிழைப்பு நடத்துவாங்க. மூணு ரிசீவரை அங்கே நிறுத்தினா தடுக்கிறவங்க கண்டிப்பா ஒருத்தரைப் பாதி விட்டுதான் ஆகணும். சும்மா பக்கவாட்டுல ஒரு ஸ்கிரீன் பாஸ், பையன் 12 யார்டு ஓடிடுவான், எல்லாம் குவார்ட்டர்பேக் கணக்குல சேரும். என்எஃப்எல்ல அந்த இடமும் இல்ல, துரத்துறவங்க வேகமும் வேற.

ஆனா இதுக்கு மறுபக்கமும் உண்டு. இடது ஹாஷ்ல நின்னு வலது ஓரக்கோட்டுக்கு 15 யார்டு ஆழத்துல நேர்க்கோடு மாதிரி ஒருத்தன் பந்தைப் போடறான்னா, அந்தத் தோள் பலம் அப்படியே மேல வரும். என்எஃப்எல்ல அவனுக்கு அதே பாஸ் இன்னும் சின்னதாத்தான் இருக்கும். என்எஃப்எல்லுக்கு ஆள் தேடற ஸ்கவுட்டுகள் தேடித் தேடி வெட்டி எடுக்கற வீடியோ அதுதான்.

ஓரக்கோடு:

அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். விதிகளைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்களேன்? பந்தைப் பிடிக்கும்போது ரிசீவர் ஒற்றைக் காலை மைதானத்துக்குள்ளே வைத்தால் கல்லூரியில் போதும், என்எஃப்எல்லில் இரண்டு கால் வேண்டும் என்பது வரைக்கும் தெரியும்.

தூரத்து ஹாஷ்:

கால் விஷயம் கண்ணுக்குத் தெரியறதால எல்லாரும் அதைப் பேசறாங்க. நல்ல ரிசீவர் அதை ஒரு கோடைப் பயிற்சியில கத்துப்பான். கஷ்டமானது கண்ணுக்குத் தெரியாதது.

ரிசீவரை மறிக்கிற கார்னர்பேக்கை எடுத்துக்கோங்க. கல்லூரியில பந்து காத்துல கிளம்பற வரைக்கும் தனக்கு எதிரே வர்ற ரிசீவரை அவன் தொடலாம், மோதலாம், பாதையைக் கெடுக்கலாம். என்எஃப்எல்ல 5 யார்டு தாண்டினா கை வைக்கக் கூடாது, 1978-ல இருந்து அப்படித்தான். காலேஜ்ல நாலு வருஷம் கையை வச்சே பிழைச்ச பையன் முதல் மாசம் நடுவர்கிட்ட தண்டனைக் கொடி மேல கொடி வாங்குவான். காலை நம்பி ஆடினவனுக்கு அந்தத் தொல்லை இல்ல. அதனால கார்னரைப் பார்க்கும்போது கையைப் பார்க்காதீங்க, இடுப்பு எப்படித் திரும்புதுன்னு பாருங்க.

அடுத்தது ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸான்னு ஸ்நாப்புக்கு அப்புறம் முடிவு பண்ற ஆட்டம். முன் வரிசையில தடுக்கிற லைன்மேன் கல்லூரியில 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்ல 1 யார்டுதான். அந்த ரெண்டு யார்டுதான் எதிரணி முன் வரிசைக்குப் பின்னாடி நிக்கற லைன்பேக்கரை ஏமாத்தற கால அவகாசம். கல்லூரியில அரைக் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணினதை மேல அரை நொடி முன்னாடியே முடிவு பண்ணணும்.

கொலம்பஸ்காரன்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஹெல்மெட்ல ரேடியோ என்எஃப்எல்ல 1994-லயே வந்தாச்சு, பெரிய கல்லூரிகள்ல 2024-லதான். அதுவரைக்கும் ஓரத்துல நின்னு கார்ட்டூன் படம், நடிகர் முகம் எல்லாம் ஒட்டின பலகையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. முழு அணியும் தலையைத் திருப்பி அதையே பார்க்கும், கோச் எதிரணியோட நிலையைப் பார்த்துட்டு ஆட்டத்தை மாத்துவார். பையன் பந்தை வாங்கி, சொன்னதைச் செய்வான். இவன் நிஜமாவே தடுப்பைப் படிக்கிறானா, கோச் படிச்சதை நடத்தறானான்னு வீடியோவுல பிரிச்சுப் பார்க்கறது அவ்வளவு லேசு இல்ல.

கிழக்குக் கோபுரம்:

கிரிக்கெட் மாதிரிதானே இதுவும்? ரஞ்சியில் ரன் குவித்தவனை ஆஸ்திரேலியாவில் இறக்கினால் திணறுவது போல.

மதில்மேல் பந்து:

இல்லை நண்பரே. ரஞ்சி ஆடுபவன் அங்கேயும் அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறான், பந்துவீச்சு கடினம், அவ்வளவே. இங்கே அக்கா சொன்ன மாதிரி மைதானத்துக் கோடும் விதியும் பார்க்கும் வேலையும் சேர்ந்து மாறுகின்றன.

பழைய டேக்கிள்:

பந்தைத் தொடுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். லைனில் நிற்கிறவனை யாருமே கண்டுகொள்வதில்லை, வழக்கம்போல.

1989 டிராஃப்டின் முதல் ஐந்து பேர்: டிராய் எய்க்மன், டோனி மாண்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். இதில் நாலு பேர் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். மிச்சம் ஒருவர் எங்கள் ஆள், மிச்சிகன் ஸ்டேட் டேக்கிள் (லைனின் வெளி ஓரத்தில் நின்று தடுப்பவர்) மாண்டரிச். கல்லூரியில் எதிராளிகளை அப்படியே தூக்கி எறிந்தார். கிரீன் பே அணிக்கு வந்ததும் அந்த எதிராளிகள் இல்லை. பின்னாளில் ஸ்டீராய்டு எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார், அது தனிக்கதை.

சரி, கல்லூரியில் தொழில்முறைப் பாணியில் ஆடியவன் தயாராக வருவானா? ராபர்ட் கேலரி, ஐயோவா. லைன்மேனைச் செதுக்குவதில் ஐயோவா கோச் கர்க் ஃபெரன்ட்ஸுக்கு மேல் ஆள் உண்டா? 2004-ல் ரெய்டர்ஸ் 2-ஆவதாக எடுத்தது. இடது டேக்கிளாகத் தடுமாறினார். 2007-ல் உள்ளே கார்டு இடத்துக்கு நகர்த்திய பிறகுதான் நின்றார்.

இப்போது ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். கல்லூரியில் ஒரு ஸ்நாப் கூட ஆடியதில்லை. 2018-ல் ஈகிள்ஸ் ஏழாவது சுற்றில் எடுத்தது. லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். இன்று லீகின் நல்ல இடது டேக்கிள்களில் ஒருவர். ஜேசன் பீட்டர்ஸ் ஆர்கன்சாவில் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக இருந்தார், டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை, பிறகு பல வருடம் ஆண்ட டேக்கிள்.

லைனில் கூட வருவது உடம்பும் காலும்தான். கை எங்கே வைப்பது, எப்போது காத்திருப்பது என்பதை நல்ல கோச் இருந்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம். கெட்ட கோச் கையில் கிடைத்தால் தலையெழுத்து.

ஞாயிறு மட்டும்:

அப்ப காலேஜே வேணாமா? ரக்பி ஆளுங்களை இறக்கிடலாமா?

பழைய டேக்கிள்:

தம்பி, மைலாட்டா உயரம் ஆறடி எட்டு. அந்த உடம்போடு நகரத் தெரிந்த இன்னொருவனைக் கூட்டிவாருங்கள், பிறகு பேசலாம்.

பேர்ஸ் பாவம்:

டிஃபென்ஸ் பக்கம் எனக்கு மறக்கவே முடியாத ஆள் வெர்னன் கோல்ஸ்டன். ஒஹையோ ஸ்டேட்டுக்கு 2007-ல 14 சாக், அதாவது பாஸ் போடறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கை வீழ்த்தறது. 2008-ல ஜெட்ஸ் 6-ஆவதா எடுத்தது. மூணு சீசன் ஆடினார். மொத்த சாக் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

கொலம்பஸ்காரன்:

ஒஹையோ ஸ்டேட் இருக்கறதே கொலம்பஸ்லதான், என் பேரைப் பார்த்துட்டே இதை எழுதறீங்க இல்ல?

கோல்ஸ்டன் விஷயத்துல ரெண்டு காரணம் கலந்திருக்கு. கல்லூரியில கையைத் தரையில ஊன்றி நின்ன டிஃபென்சிவ் எண்ட் அவர். ஜெட்ஸ் அவரை எழுப்பி நிறுத்தி 3-4 முறையில (முன்னாடி மூணு பேர், பின்னாடி நாலு லைன்பேக்கர்) வெளி லைன்பேக்கரா மாத்தினாங்க, திரும்பி ஓடி பாஸைத் தடுக்கிற வேலையும் சேர்ந்துச்சு. அது அணி பண்ணின கோளாறு.

இன்னொண்ணு, எதிராளியோட தரம். பெரிய பிரிவுல மட்டும் 130-க்கு மேல கல்லூரி அணிகள். என்எஃப்எல்ல 32 அணி, அணிக்கு 53 பேர், மொத்தமே 1,700-க்குக் கொஞ்சம் கம்மி. கல்லூரி ஆட்டம் நடக்கற சனிக்கிழமை உங்களுக்கு எதிரா நிக்கற டேக்கிள்ல பெரும்பாலானவங்க, என்எஃப்எல் நடக்கற ஞாயித்துக்கிழமை டிவி பார்க்கறவங்க. அவங்களை வெறும் வேகத்துல தாண்டி எடுத்த சாக்கும், முதல் முயற்சி தடுக்கப்பட்டதும் கையைத் தட்டி ரெண்டாவது வழியில நுழைஞ்சு எடுத்த சாக்கும் ஒரே எண்ணாத்தான் பதிவாகும். ரெண்டாவது வகைதான் மேலயும் தொடரும்.

ஓரக்கோடு:

அப்படியானால் உதைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இருக்கக்கூடாதே? பந்து, கம்பம் எல்லாம் ஒன்றுதான். எதிராளியின் தரம்கூடப் பெரிதாகக் குறுக்கே வராது.

தூரத்து ஹாஷ்:

ராபர்ட்டோ அகுவாயோ!

ஃபுளோரிடா ஸ்டேட்ல 40 யார்டுக்குள்ள ஒரு உதை கூடத் தவறாத பையன். கல்லூரி ஹாஷ் அகலமா இருக்கறதால அங்கே கோணம் இன்னும் மோசம், அதையே சமாளிச்சவன். டாம்பா பே 2016-ல தேர்வு வரிசையில மேல ஏறி வந்து ரெண்டாவது சுற்றுல எடுத்தது. ஒரு கிக்கருக்கு! முதல் வருஷம் 31 உதையில 22தான் உள்ளே போச்சு. அடுத்த சீசன் தொடங்கறதுக்குள்ள அனுப்பிட்டாங்க.

டச்டவுனுக்கு அப்புறம் வர்ற கூடுதல் புள்ளி உதை கல்லூரியில 20 யார்டு, என்எஃப்எல்ல 2015-ல இருந்து 33 யார்டு. அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்ல. இங்கே நான் தியரி பேச மாட்டேன். என்எஃப்எல் வரலாற்றுலயே அதிகப் புள்ளி எடுத்த வினாட்டியேரி, சவுத் டகோட்டா ஸ்டேட்லேர்ந்து டிராஃப்ட் ஆகாம வந்தவர். கிக்கரை டிராஃப்ட்ல உயர்ந்த விலைக்கு வாங்காதீங்க, அவ்வளவுதான்.

மதில்மேல் பந்து:

குவார்ட்டர்பேக்குக்கே திரும்புகிறேன். புள்ளிவிவரத்தில் ஒன்றை மட்டும் நான் மதிப்பேன்: எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினான். பழைய என்எஃப்எல் கோச் பில் பார்செல்ஸ் குவார்ட்டர்பேக்குக்கு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் விதிகள்: கடைசி ஆண்டு மாணவன், பட்டம் பெற்றவன், மூன்று வருடம் தொடக்க ஆட்டக்காரன், 23 வெற்றி. பழைய மனிதரின் பிடிவாதம் என்று சிரித்தோம். டிருபிஸ்கி 13 ஆட்டம். 2023-ல் கோல்ட்ஸ் 4-ஆவதாக எடுத்த ஆன்டனி ரிச்சர்ட்சன் 13. பர்டி ஐயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம். 2024-ல் வந்த ஜேடன் டேனியல்ஸ் 55, போ நிக்ஸ் 61. இருவரும் முதல் வருடமே அணியைப் பிளேஆஃப் கொண்டுபோனார்கள்.

தவறான தடுப்பை நம்பிப் பந்தைப் போட்டு அடிவாங்குவதைக் கல்லூரியிலேயே நிறைய அனுபவித்துவிட்டு வருகிறார்கள். இப்போது கல்லூரியிலேயே பணம் வருவதால் பையன்கள் இன்னொரு வருடம் தங்குகிறார்கள். என்எஃப்எல்லுக்கு இது செலவில்லாத பயிற்சிக்கூடம்.

கொலம்பஸ்காரன்:

கேம் நியூட்டன்? ஆபர்ன்ல ஒரே வருஷம், 14 ஆட்டம். 2015 எம்விபி.

மதில்மேல் பந்து:

நியூட்டன் அளவு உடம்பு இருந்தால் எந்த விதியையும் இடித்துத் தள்ளலாம். மற்றவர்களுக்காகத்தான் விதி.

நிலக்கரி:

முதல் முறை எழுதுகிறேன். பால்டிமோர் ரசிகன்.

எங்கள் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் பெயர் இதுவரை வராதது ஆச்சரியம். கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், ஆனாலும் 2018-ல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாகத்தான் போனார். ரிசீவராக மாற்றலாம் என்று பில் போலியன் மாதிரி பெரியவர்களே சொன்னார்கள். எங்கள் அணி என்ன செய்தது? ஆளை முறைக்கு மாற்றாமல் முறையை ஆளுக்கு மாற்றியது. அடுத்த வருடம் 1,206 யார்டு ஓட்டம், ஒரு ஓட்டுகூடக் குறையாத எம்விபி. அவரையே நேராக நின்று மட்டும் பாஸ் போடச் சொல்லும் அணி எடுத்திருந்தால் இந்த இழையில் கிளிங்லர் பக்கத்தில் உட்கார வைத்திருப்போம்.

“திறமை கூட வருமா” என்று பையனை மட்டும் பார்த்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்குகிற அணிக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்பதும் சேர்ந்ததுதானே?

கொலம்பஸ்காரன்:

வாங்க நிலக்கரி. முழுக்க ஒத்துக்கறேன், ஆனா இடம் மாத்தறது எப்பவும் அவமானம் இல்ல. எங்க மாநிலத்துக் கென்ட் ஸ்டேட்டைப் பாருங்க. ஜூலியன் எடல்மன் அங்கே குவார்ட்டர்பேக். 2009-ல பேட்ரியாட்ஸ் ஏழாவது சுற்றுல எடுத்து ரிசீவர் ஆக்கினாங்க, என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 53-ல அவர்தான் எம்விபி. ஆன்டனியோ கேட்ஸ் அதே காலேஜ்ல கூடைப்பந்து மட்டும் ஆடினார். எதிராளியை முதுகால தள்ளி வச்சுட்டு எகிறிப் பந்தைப் பிடிக்கிற கலை அப்படியே வந்துச்சு, 2025-ல ஹால் ஆஃப் ஃபேம். 2001 ஹைஸ்மன் வாங்கின எரிக் கிரவுச்சை ராம்ஸ் அதே மாதிரி ரிசீவர் ஆக்கப் பார்த்தது, அவருக்கு அது ஒட்டலை, போயிட்டார்.

ஞாயிறு மட்டும்:

டிராஃப்டுக்கு முன்னாடி அளக்கற 40 யார்டு ஓட்ட நேரம் பத்தி யாரும் பேசலை?

பழைய டேக்கிள்:

ஜான் ராஸ் 4.22 நொடி, 2017-ல் 9-ஆவது ஆள், தேறவில்லை. பிரேடி 5.28 நொடி. பேசிவிட்டோம்.

ஓரக்கோடு:

🙏

சரி, கடைசியாக ஒரு கேள்வி, எல்லோருக்கும். டிராவிஸ் ஹன்டர். கொலராடோவில் ரிசீவராகவும் கார்னராகவும் இரண்டு பக்கமும் ஆடி 2024 ஹைஸ்மன் வாங்கினார், ஜாகுவார்ஸ் மேலேறி வந்து 2-ஆவதாக எடுத்தது. எந்தப் பக்கம் நிலைப்பார்?

மதில்மேல் பந்து:

ரிசீவர். இரண்டாவது தேர்வைக் கொடுத்து வாங்கியவர்கள் பந்தைக் கையில் கொடுக்கத்தான் பார்ப்பார்கள்.

தூரத்து ஹாஷ்:

கார்னர். அந்த இடுப்பைப் பாருங்க தம்பி. ரிசீவர் வருஷத்துக்கு நாலு பேர் முதல் சுற்றுல கிடைப்பாங்க. ரெண்டு பிளேபுக்கை ஒரே வாரத்துல படிக்கச் சொல்றதுதான் எனக்குப் பயம். ஓடறது பிரச்சினையே இல்ல, புதன்கிழமை எந்தக் கூட்டத்துல உட்காருவான்?

நிலக்கரி:

எங்கள் அணிக்கு எதிராக எந்தப் பக்கமும் ஆடாமல் இருந்தால் சரி.